அணையும் பீடி, அணையாத குழாய்

பீடி பிடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பேச்சு சுவாரசியத்தில் பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அது அணைந்து போகும். மறுபடியும் தீக்குச்சியைத் தேட வேண்டும். "அண்ணே, நெருப்பு இருக்கா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கன்னடக்காரராக இருந்தால் "பெங்கி பொட்ணா இதியா?" என்று கேட்க வேண்டும். கர்நாடகத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் பலருக்கு வாயில் முதலில் ஏறிய கன்னடம் இதுவாகத்தான் இருக்கும்!

மார்டள்ளியில் இரண்டு கேள்வியும் செல்லும். மாதேசுவரன் மலைக்காடுகளின் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே இருக்கிற தமிழர் ஊர் அது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போயிற்று. வீட்டில் தமிழ், தேவாலயத்தில் தமிழ், அரசாங்கக் காகிதத்தில் கன்னடம். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகையால் கூலி வேலைக்கும் கல் வேலைக்கும் வெளியூர் போகிறவர்கள் அதிகம். வேலைக்குப் போகிற இடமெல்லாம் கூடவே போவது பீடிக் கட்டும் தீப்பெட்டியும்.

பெங்களூருக்கும், அதைத் தாண்டி வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற இளவட்டங்களுக்கு இப்போது இன்னொரு புகை காத்திருக்கிறது. அதற்கு நெருப்பு வேண்டாம். சாம்பல் இல்லை. துண்டு மிஞ்சாது. பார்த்தால் பேனா போலவோ, கணிப்பொறியில் செருகும் சின்ன வில்லை போலவோ இருக்கும். சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா கண்டுபிடிக்க மாட்டார். அம்மாவுக்கு வாசனை வந்தாலும் மாம்பழ வாசனைதான் வரும். மின் சிகரெட் என்று தமிழில் சொல்லலாம். 'வேப்' என்று பையன்கள் சொல்கிறார்கள்.

பீடியை விட்டு இதற்குப் போனால் நல்லதுதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன்னால் இது எப்படி வேலை செய்கிறது, இதைப் பிடிக்கிறவன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

மருந்தாளுநர் கண்ட கனவு

நெருப்பில்லாத சிகரெட்டுக்கு முதலில் படம் வரைந்து உரிமை கேட்டவர் ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர். 1963ல் விண்ணப்பித்தார், 1965ல் காப்புரிமை கிடைத்தது. சரக்கு கடைக்கு வரவில்லை. சிகரெட் கம்பெனிகள் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது.

நாற்பது வருஷம் கழித்து, 2003ல், சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் இன்றைய மின் சிகரெட்டுக்கு வழிகாட்டினார். அவரே பெரிய புகைப் பிரியர். அவருடைய தகப்பனார் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். பழக்கத்தை விடுவதற்காகத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையைப் போட்டுப் பார்த்தார் ஹோன் லிக். ஒட்டினால் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் இறங்கியது. ஆனால் தம் இழுத்தவுடன் வருகிற அந்த 'ஜிவ்' வரவில்லை. அதைக் கொடுக்கிற கருவியாகத்தான் இதைச் செய்தார். மறுவருஷமே அது சீனாவில் விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் 'ரூயான்' - புகையைப் போல என்று அர்த்தம்.

அவர் சிகரெட்டை ஒழித்துக் கட்டினாரா? பல வருஷம் கழித்துப் பேட்டி கொடுத்தபோது, இரண்டையும் பிடிப்பதாகத்தான் சொன்னார்!

உள்ளே இருக்கிற வேலைப்பாடு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பேட்டரி. ஒரு சின்னக் கம்பிச்சுருள். அதற்குள்ளே பஞ்சுத் திரி. திரி நனைந்திருப்பது ஒரு திரவத்தில். கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால் என்ற இரண்டு பொருளைக் கலந்து, அதில் நிகோடினும் வாசனையும் சேர்த்தது அந்தத் திரவம். வாயை வைத்து இழுத்தால் பேட்டரி கம்பியைச் சுட வைக்கும். திரவம் ஆவியாகி வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வீட்டில் சளிக்கு ஆவி பிடிப்பதையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

எரிவது ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் பெருமை. சிகரெட்டின் முனை ஒரு தம் இழுக்கும்போது 900 டிகிரி வரை சூடேறுகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிச்சலில் பிறக்கின்றன. ஆவியில் அவை பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான், சிகரெட்டை விட இதில் கெடுதி 95 சதவிகிதம் குறைவு என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015ல் மதிப்பிட்டது. அந்த எண்ணுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று லண்டனிலிருந்து வெளிவரும் மருத்துவ ஏடான லான்செட் உடனே கண்டித்தது. எண் எப்படியிருந்தாலும், எரிகிற புகையை விட எரியாத ஆவியில் நஞ்சு குறைவு என்பதை மறுப்பவர்கள் குறைவு. நஞ்சே இல்லை என்று சொல்பவர்களைத்தான் நம்பக்கூடாது. சூடேறும் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை ஆவியோடு வருவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018ல் காட்டினார்கள்.

மூன்று விதமான தம்

இனி பழக்கத்துக்கு வருவோம். வித்தியாசம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அதனால் அடிக்கடி இழுத்தால்தான் நெருப்பு நிற்கும். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 9 தம் என்றால் ஒரு பீடிக்குச் சுமார் 28 தம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பீடியில் இருக்கிற புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கு சுமாருக்குத்தான் வரும். ஆனாலும் இழுத்து இழுத்து, தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், சொல்லப்போனால் கூடுதலாகவே உள்ளே போகின்றன. 'பீடி இலைதானே, காகிதம் இல்லையே, ஒன்றும் செய்யாது' என்று நம்மவர்கள் சொல்வது வெறும் சமாதானம்.

ஆனால் பீடியிடம் ஒரு குணம் இருக்கிறது. அது அணைந்து போகும். கவனம் வேறு பக்கம் போனால் அதுவும் போய்விடும். மிச்சத் துண்டைக் காதில் செருகிக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

சிகரெட் அணையாது, ஆனால் தீர்ந்து போகும். பத்துப் பன்னிரண்டு தம், ஐந்தாறு நிமிஷம், விரல் சுடும். தூக்கி எறிந்துவிட்டு ஆபீசுக்குள் போக வேண்டியதுதான். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொன்றைப் பற்ற வைக்க வேண்டும். அதற்குப் பையில் காசு வேண்டும், வெளியே வர வேண்டும், மேலதிகாரியின் பார்வையில் படாமல் இருக்க வேண்டும். டீ நேரத்தில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று என்று கணக்கு வருவது அதனால்தான். "நீ ஒரு நாளைக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல முடிகிறது.

மின் சிகரெட் அணையவும் அணையாது, தீரவும் தீராது. எடுத்து இரண்டு தம் இழுத்துப் பையில் போடலாம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி இரண்டு தம். கட்டிலில் படுத்துக்கொண்டே இழுக்கலாம். குளியலறையில் இழுக்கலாம். 'நாளைக்கு எத்தனை?' என்ற கேள்விக்கே இங்கு அர்த்தமில்லை. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பது பிடிக்கிறவனுக்கே தெரியாது.

இழுக்கிற விதமும் வேறு. சிகரெட் பழக்கத்தில் வெடுக்கென்று பலமாக இழுத்தால், திரவம் கம்பியை மூழ்கடித்துச் சமயத்தில் வாய்க்குள்ளேயே வந்துவிடும். மெதுவாக, நீளமாக இழுக்கப் பழக வேண்டும். புகையைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஆய்வுக்கூடங்களில் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வைத்த உலக விதியிலேயே இது தெரிகிறது. சிகரெட்டுக்கு 2 விநாடி இழுப்பு, 35 மில்லி புகை, நிமிஷத்துக்கு ஒரு தம். மின் சிகரெட்டுக்கு 3 விநாடி இழுப்பு, 55 மில்லி ஆவி, அரை நிமிஷத்துக்கு ஒரு தம். இயந்திரத்துக்கே இரண்டு பழக்கம்!

பாதி வழியில் நிற்பது

இதைப் பிடித்தால் சிகரெட்டை விட முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி முழுவதையும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் புகைப்பழக்கத்தை விட உதவும் அரசாங்க மையங்களுக்கு வந்த 886 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்கு மின் சிகரெட் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிகோடின் பட்டை, சூயிங்கம் முதலியவற்றைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் நேரில் ஆலோசனையும் உண்டு. 2019ல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷம் கழித்துச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள்: மின் சிகரெட் பிடித்தவர்களில் 18 சதவிகிதம். பட்டையும் சூயிங்கமும் வாங்கியவர்களில் 9.9 சதவிகிதம். ஏறக்குறைய இரட்டிப்பு வெற்றி.

செய்தியை இத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம். அடுத்த வரி இது: வெற்றி பெற்றவர்களில் எத்தனை பேர் ஒரு வருஷம் கழித்தும் அந்த உதவிப் பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? மின் சிகரெட்காரர்களில் 80 சதவிகிதம். பட்டை, சூயிங்கம் கோஷ்டியில் 9 சதவிகிதம்.

அதாவது சிகரெட்டை விட்டார்கள், நிகோடினை விடவில்லை. ஆற்றைக் கடக்கப் படகில் ஏறியவர் கரை வந்த பிறகும் இறங்காமல் படகிலேயே குடித்தனம் நடத்துவது போல. சிகரெட்டிலேயே இருந்திருந்தால் இதை விட மோசம் என்பதும் உண்மை. ஆனால் 'விட்டுவிட்டேன்' என்று சொல்வதற்கு இது போதாது.

ஏற்கனவே புகைத்துக்கொண்டிருந்தவர்களின் கதை இது. ஒருநாளும் புகைக்காத பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை வேறு. அமெரிக்காவில் 2015ல் 'ஜூல்' என்ற வகை வந்தது. நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். தொண்டையில் காறல் இல்லாமல், வீரியமான நிகோடின் வழுவழுவென்று இறங்கியது. நாலே வருஷத்தில், 2019ல், அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவிகிதம் பேர் மின் சிகரெட் பிடிப்பதாகக் கணக்கெடுப்பில் தெரிந்தது. கெடுபிடிக்குப் பிறகு 2024ல் அது 7.8 சதவிகிதமாக இறங்கியிருக்கிறது. பீடியின் முதல் தம்முக்குத் தொண்டை கமறி, கண்ணில் நீர் வந்து, 'சீ!' என்று எறிந்த பையன்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்தக் கமறல் ஒரு காவல்காரன். அவனைத்தான் இவர்கள் வேலையை விட்டு நீக்கினார்கள்.

கருவி திருந்துமா?

கருவியைச் செய்கிறவர்கள் சும்மா இல்லை. முதலில் வந்தது அச்சு அசலாகச் சிகரெட் மாதிரியே இருந்தது. பேட்டரி சிறிது, நிகோடின் குறைவு. உறிஞ்சி உறிஞ்சிக் கன்னம் வலித்தது. பிறகு பேனா வந்தது. அதன் பிறகு தொட்டி வைத்த பெரிய கருவிகள். அதன் பிறகு குப்பி மாற்றும் வில்லைகள். கடைசியாக, தீர்ந்ததும் தூக்கி எறிகிற வகை. பிரிட்டனில் 2023ல் வாரத்துக்கு 50 லட்சம் இப்படிக் குப்பைக்குப் போவதாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி! 2025 ஜூன் 1 முதல் அந்த வகையைப் பிரிட்டன் அடியோடு தடை செய்துவிட்டது.

உண்மையான முன்னேற்றம் என்று சொல்லத்தக்கது சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. திரியில் திரவம் வற்றிய நேரத்தில் இழுத்தால் கம்பி கண்டபடி சூடேறி, திரி கருகி, பார்மால்டிஹைடு போன்ற நஞ்சு பிறக்கிறது. இதைத் தடுக்க ஒரு நல்ல உபாயம் கண்டார்கள். நிக்கல், டைட்டானியம், எவர்சில்வர் கம்பிகளில் சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும். அந்தத் தடையை அளந்துகொண்டே இருந்தால் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். எல்லை தாண்டியதும் கருவி மின்சாரத்தைக் குறைத்துவிடும். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் விலை கூடுதல். மலிவுச் சரக்கில் இதை எதிர்பார்க்க முடியாது.

பேட்டரி இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 2018ல் மின் சிகரெட் வெடித்து ஒருவர் இறந்தார். விமானத்தில் இதைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பக்கூடாது என்று விதி இருப்பது இந்தப் பயத்தால்தான். ஐரோப்பாவில் திரவத்தின் வீரியத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் வந்த ஜூலில் 59 மில்லிகிராம் இருந்தது.

அளவைக் குறைத்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் பழக்கம் குறுக்கே வருகிறது. வீரியம் குறைந்த திரவத்தைக் கொடுத்தால் பிடிக்கிறவன் நீளமாக இழுக்கிறான், அடிக்கடி இழுக்கிறான், கூடுதல் திரவத்தைக் காலி செய்கிறான். டிகாக்ஷன் குறைந்த காப்பி கொடுத்தால் இரண்டு டம்ளர் கேட்பதில்லையா?

இது புதுக்கதையும் அல்ல. 1970களில் மேல்நாட்டுச் சிகரெட் கம்பெனிகள் 'லைட்' சிகரெட் என்று விற்றன. பில்டரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டார்கள். இயந்திரம் இழுத்தால் காற்றும் கலந்து, தார் குறைவாகக் காட்டியது. மனிதன் இழுத்தால்? விரலும் உதடும் துளைகளை மூடின, தம்மும் ஆழமாயிற்று. லைட் சிகரெட்டால் பிடிப்பவருக்கு லாபம் ஒன்றும் இல்லை என்று 2001ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஓர் அறிக்கையில் சொல்லிவிட்டது. அதற்குள் முப்பது வருஷம் ஓடிவிட்டது. லைட்டுக்கு மாறியதையே பெரிய தியாகமாக எண்ணிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ!

ஆகையால் மின் சிகரெட்டில் செய்ய வேண்டிய திருத்தம் வாசனையில் இல்லை, வீரியத்தில் மட்டும்கூட இல்லை. அதற்கு ஒரு முடிவு வேண்டும். பீடி தானாக அணைகிறதே, அது போல இதுவும் பத்துத் தம் ஆனதும் அணைந்து, அரைமணி நேரம் எழுந்திருக்காமல் இருக்கும்படி செய்யலாம். நாளைக்கு எத்தனை தம் என்று எண்ணிக் காட்டி, வாரத்துக்கு வாரம் அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். இதற்குப் புது விஞ்ஞானம் தேவையில்லை. ஒரே தம்மை நீட்டிக்கொண்டே போனால் சில விநாடிகளில் நின்றுவிடும் ஏற்பாடு பல கருவிகளில் இருக்கிறது. புகையிலையை எரிக்காமல் சூடு மட்டும் காட்டும் 'ஐகாஸ்' என்ற கருவி 14 தம் அல்லது சுமார் 6 நிமிஷம் ஆனதும் தானே நின்றுவிடுகிறது. சிகரெட் கம்பெனி செய்த கருவி அது. அவர்கள் அதை நிறுத்துவது அடுத்த குச்சியை விற்பதற்காக என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் ஏன் செய்யவில்லை? எத்தனை ஆயிரம் தம் வரும் என்பதைத்தானே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள்! கள்ளுக்கடைக்காரர் 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்வாரா?

சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமில்லை. கர்நாடக அரசு 2016லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. தமிழ்நாடு 2018ல் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18ந் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. டிசம்பரில் அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுபோவது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சரக்கைச் சேர்த்து வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐகாஸ் போன்றவையும் இதே சட்டத்துக்குள் வருகின்றன.

சிநேகிதன் கேட்டான் என்று துபாயிலிருந்து நாலைந்து வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பெங்களூர் விமான நிலையத்தில் இறங்குகிறவர் கவனிக்க வேண்டும். அங்கே அது கடைச் சரக்கு. இங்கே இறக்குமதிக் குற்றம்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் விற்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் பிடிப்பதும் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் பிடி இறுகியிருக்கிறது. பெரியவர்களுக்கு முதல் தடவையே 700 வெள்ளி அபராதம். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதியே ரத்தாகி, ஊருக்கு அனுப்பப்படலாம். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவன் ஒரு குழாய்க்காகத் திரும்பி வருவது நியாயமா?

தடை செய்த பொருளுக்குத் தரம் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2019ல் அமெரிக்காவில் நுரையீரல் வெந்து 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அல்லது இறந்தார்கள். 2020 பிப்ரவரி வரை சாவு 68. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திருட்டுச் சரக்கு. அதைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பசையைச் சேர்த்திருந்தார்கள். பெட்டிக்கடையில் ரகசியமாக விற்கும் குழாய்க்குள் இருப்பது என்னவென்று விற்கிறவனுக்கும் தெரியாது.

இதெல்லாம் சரி, பீடியும் சிகரெட்டும் மட்டும் ஏன் தடையில்லாமல் கிடைக்கின்றன என்று கேட்டால், பதில் மைசூர்ப் பக்கமே இருக்கிறது. ஹுன்சூர், பெரியபட்டணா, ஹெக்கடதேவன கோட்டை வட்டாரங்களில் சிகரெட் புகையிலைதான் பணப்பயிர். மத்திய அரசின் புகையிலை வாரியமே ஏலம் நடத்துகிறது. தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையிலும் வேலூர்ப் பக்கமும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 7.7 பேர் பீடி பிடித்தார்கள், 4 பேர் சிகரெட் பிடித்தார்கள். மின் சிகரெட் பிடித்தவர்கள் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர். யாருடைய பிழைப்பும் கெடாத இடத்தில் தடை போடுவது சுலபம். தடை தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆளைக் கொல்கிற பெரிய பாம்பு கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் பீடியை விட வேண்டும் என்கிற தொழிலாளி என்ன செய்வது? மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. அதை மிட்டாய் போல மென்று விழுங்கக்கூடாது. கொஞ்சம் மென்று, காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இது தெரியாமல் மென்று விழுங்கி, விக்கலும் குமட்டலும் வந்து, பாதியில் எறிந்தவர்கள் உண்டு. எத்தனை மெல்ல வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதய நோயாளிகள் கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதற்கு ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்பதில்லை. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. 2018 முதல் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே இதை அச்சிடச் செய்திருக்கிறார்கள். தென்னாட்டவர்களுக்காகப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலும் இதற்கு ஒரு மையம் இருக்கிறது. கன்னடம் சரளமாக வராதே என்று மார்டள்ளிக்காரர் தயங்க வேண்டியதில்லை. அங்கே தமிழிலும் பேசலாம்.